ஒற்றைப் பனை வரைக்கும்

சிலாபத்துக் கலவரத்தில் சோனக முஸ்லிம்களின் கடைகள் எரிந்து ஆறு கிழமையாகியும், மாம்புரிக் களப்புக் கரையில் அந்தப் புகை ஆட்களின் கதையில் புகைந்துகொண்டே இருந்தது. சிங்களவரோடு கத்தோலிக்க வேதக்காரரும் சேர்ந்துதான் கொளுத்தினார்களாம் என்று பள்ளிவாசல் பக்கம் ஒரு கதை. சோனகர் துவக்கும் கையுமாய் நிற்கிறார்களாம் என்று வேதக்கோயில் பக்கம் ஒரு கதை. யாரடா கண்டது என்று கேட்டால் ஒருத்தனும் காணவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. அது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு, ஆடி மாதம்.

அந்த மாதத்தில்தான் அன்னம்மாள் திருநாள். மாதாவைப் பெற்ற அந்தத் தாயின் சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றிக் களப்போரமாகக் கொண்டுபோவார்கள். முன்வள்ளத்தில் மேளம் முழங்கும். கரையில் நிற்கும் ஒற்றைப் பனைக்கு நேரே வந்ததும் மேளம் நின்றுவிடும். பனைக்கு அப்பால் பள்ளிவாசல். அதன் மதில் முடியும்வரை வள்ளத்தில் ஒருவரும் மூச்சுக் காட்டமாட்டார்கள். தூரத்தில் மேளம் கேட்டால் திருநாள் வருகிறது என்று அர்த்தம், பனையடியில் நின்றால் மரியாதை. எங்கேயும் எழுதி வைக்காத இந்த ஒழுங்கை இருபத்தெட்டு வருசம் காத்தவர் மேளக்காரர் அன்ரனிப்பிள்ளை. ஒருமுறை திருக்கை முள் குத்தி அவருடைய இடக்கை விரல் ஒன்று மடங்கிப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி அடி விழாது. அவருடைய மேளத்துக்கு அதுதான் அடையாளம்.

இந்த வருசம் வள்ளக்காரர் வின்சன்ட் வந்து குறுக்கே நின்றார்.

"அண்ணை, பனையடியில கை நிக்கக்கூடாது. நிண்டா பயந்திட்டம் எண்டு நினைப்பாங்க."

அன்ரனிப்பிள்ளைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. "அப்ப போகாம இருங்களன்" என்றாள் மனைவி கத்தரினா.

"போகாட்டி நாங்கதான் கொளுத்தினது எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிரும். நான் போவன். பனையடியில நிப்பாட்டுவன். வின்சன்ட் என்னைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டாலும் சரி."

"அப்ப நானும் வாறன்."

திருநாளன்று பின்னேரம் மூன்று வள்ளங்கள் புறப்பட்டன. பெண்களும் பிள்ளைகளுமாய் நாற்பது பேர். சோழகக் காற்று பாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. மேளத்தில் முதல் அடி விழுமுன்னே, பாழாய்ப்போன அலை ஒன்று வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தின் மேலால் எழும்பி அன்ரனிப்பிள்ளையையும் மேளத்தையும் சேர்த்து முழுக்காட்டியது. தோல் ஊறிப்போயிற்று. அவர் அடித்துப் பார்த்தார். நனைந்த சாக்கில் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது என்றல்லவா மூன்று நாளாக மண்டையை உடைத்தார்! இப்போது தொடங்கவே வழியில்லை.

கரை தெரிந்தது. நூறு பேருக்குமேல் தடியோடு நின்றார்கள். முன்னால் தென்னந்தோட்டக்காரர் பதுர்தீன், கையில் வேட்டைத் துவக்கு. எரிந்த கடைகளில் ஒன்று அவருடைய தம்பியுடையது. அன்ரனிப்பிள்ளை வின்சன்ட் பக்கம் திரும்பினார். மேளம் கேட்காமல் மூன்று வள்ளம் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கொளுத்த வருகிறார்கள் என்றுதானே!

"பாயை இறக்கு வின்சன்ட், திருப்பு!"

"இந்தக் காத்துக்குத் திருப்பினா கவிண்டிரும் அண்ணை!" வின்சன்டின் வீறாப்பெல்லாம் எங்கே போனதோ, சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்ரனிப்பிள்ளை எழுந்து நின்று, நனைந்த மேளத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தண்ணீர் அவர் முகத்தில் வடிந்தது. "நனைஞ்சு போச்சு! மேளம் நனைஞ்சு போச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். காற்று அந்தக் கத்தலை வேறு பக்கம் கொண்டுபோனது. எதையோ எறியப்போகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, பதுர்தீன் துவக்கைத் தூக்கினார். கத்தரினா பக்கத்தில் இருந்த பிள்ளைகளை இழுத்துத் தன் மடிக்குள் அமுக்கினாள்.

அப்போது நகரா முழங்கியது.

தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலில் அடிக்கும் பெருமுரசு அது. அடிப்பவர் பாங்கு சொல்லும் மோதினார் ஹயாத்து முகம்மது, கிழவர். அவர் நிற்கும் இடத்திலிருந்து மதிலுக்கு மேலால் களப்புத் தெரியும். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு அடிக்கிறார் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். ஆனால் அஸருக்கு அடிக்கும் அடியா இது? அன்ரனிப்பிள்ளை மேளத்தைத் தூக்கியபடியே சிலையாய் நின்றார். ஐயோ, இது அன்னம்மாள் திருநாள் அடியல்லவா!

சுற்று முடிந்தது. கடைசி அடி விழவில்லை. அடுத்த சுற்றிலும் விழவில்லை.

இருபத்தெட்டு வருசமாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு மனுசன் கேட்டிருக்கிறான். மடங்கிப்போன விரல் விட்ட அடியையும் கேட்டு மனதில் வைத்திருக்கிறான். பத்து விரலும் நேராய் இருக்கிறவன், அந்த அடியை விட்டுவிட்டு அடிக்கிறான்!

கரையில் நின்றவர்களுக்கும் அது விளங்கியது. அவர்களும் பிள்ளைப்பருவத்திலிருந்து அந்த மேளத்தைக் கேட்டவர்கள்தானே. "மேளக்கார அன்ரனிட அடி" என்று யாரோ சொன்னார்கள். தடிகள் ஒவ்வொன்றாய் மணலில் இறங்கின. பதுர்தீன் துவக்கைத் தாழ்த்தி, தலைக்குமேல் மேளம் தூக்கி நின்ற மனுசனை அப்போதுதான் நிதானமாய்ப் பார்த்தார்.

முன்வள்ளம் ஒற்றைப் பனைக்கு நேரே வந்தது.

நகரா நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பேரும் மூச்சுக் காட்டவில்லை, கரையில் நின்ற நூறு பேரும் மூச்சுக் காட்டவில்லை. பாய் புடைக்கும் ஓசை மட்டும் கேட்டது. வின்சன்ட் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். மதில் மெல்ல மெல்லக் கடந்துபோயிற்று.

மதில் முடிந்ததும் கத்தரினா கணவரின் கையிலிருந்த மேளத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஏன் அழுறீங்க? கடந்திட்டமே."

"இல்லடி," என்றார் அன்ரனிப்பிள்ளை, மடங்கிய விரலைப் பார்த்தபடி. "அவர் என்ர பிழையையும் சேர்த்தெல்லோ அடிச்சவர்."