வீட்டுக்கு வராத பக்கம்

“உங்க பக்கம் வீட்டுக்கு வர மாட்டேங்குது” என்று நூலகத்தின் புகார்ப் பெட்டியில் ஒரு வரி வந்திருந்தது. அனுப்பியவர் சசிகலா, பகுதிநேர ஆய்வாளர், ஜவ்வாது மலை. நான் அதை நூலகருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, “பக்கத்துக்கு ஒரு ஆட்டோ வெச்சு அனுப்பலாமா மேடம்?” என்றேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணைய ஆய்வு வழிகாட்டிகளை ஜெனிஸ் ஆகிய நான் ஒருவனே பராமரிக்கிறேன். ஒருவனே என்பது பெருமையல்ல, ஒப்பந்தம். எந்த ஆய்வுக்கு எந்த நூல், எந்த இதழ், மேற்கோளை எப்படிக் குறிப்பது என்று துறைக்கொரு பக்கம். செத்த இணைப்பை எடுத்துவிட்டு உயிருள்ளதைப் போடுவேன். தலைப்புகளைத் தடிமனாக்குவேன். அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்ற உறுதியான நம்பிக்கையில்தான் நிம்மதியாக வேலை பார்த்துவந்தேன். போன மாதம் நூலகர் மெர்சிலின் மேடம் சொன்னபடி, நீளமான பக்கங்களையெல்லாம் மடிப்பு மடிப்பாக மாற்றினேன். தலைப்பைத் தொட்டால்தான் அந்தப் பகுதி மட்டும் இணையத்திலிருந்து வந்து விரியும். அடுத்ததைத் தொட்டால் முந்தையது மூடிக்கொள்ளும். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மேடம் சிரிக்கவில்லை. சசிகலாவுக்கு ஃபோன் போட்டார், போகவில்லை. துறையில் விசாரித்தார். திங்கட்கிழமைக்குள் ஆய்வுத் திட்டத்தை ஒப்படைக்காவிட்டால் அந்தப் பெண்ணின் பதிவு ரத்தாகிவிடும் என்றார்கள். அன்று வெள்ளி.

“நீ மலையடி ஒடுகத்தூர்காரன்தானே? நாளைக்கு மலைக்குப் போய் இன்னான்னு பாத்துட்டு வா.”

“பக்கத்தைக் கையோட எடுத்துட்டுப் போகவா மேடம்?”

“வாயை வூட்ல வெச்சுட்டுப் போ.”

காலையில் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது சசிகலா வீட்டில் இல்லை. பாறையில் இருப்பாள் என்று அவள் அம்மா மாதம்மாள் மேலே கை காட்டினார். சாமைக் கொல்லைகளுக்கு மேலே, கவிழ்த்துப்போட்ட அண்டா போல ஒரு பாறை. ஏறி நின்றதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு திசையைப் பார்த்து, கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார்கள். காலுக்குக் கீழே மஞ்சு வெண்புகையாய் நகர்ந்துகொண்டிருந்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போதுகூட எங்கள் மாதா கோயிலில் இத்தனை அமைதியை நான் கண்டதில்லை.

“நீங்கதான் லைப்ரரிங்களா?” என்று என் மடிக்கணினிப் பையைப் பார்த்தபடி ஒரு பெண் கிட்டே வந்தாள். சசிகலா. மலையின் ஊர்ப்பெயர்களைப் பற்றி ஆய்வு செய்கிறவள்.

“ஊர்ல டவர் கெடையாதுங்க. இங்கதான் ஒரு கோடு வரும். பக்கத்தத் தொறந்து, அடி வரைக்கும் வர்ற வரைக்கும் நிப்பேன். அப்புறம் மூடாம அப்படியே வூட்டுக்கு எடுத்துட்டுப் போய், பக்கத்துல வெச்சிக்கினு எழுதுவேன். இப்ப வூட்ல போய்த் தலைப்பத் தொட்டா, சும்மா சுத்திக்கினே கீது.”

“டவுன்லோட் பண்ணிக்கலாமே?”

“பண்ணேங்க. வூட்ல தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது.”

புளி விலை வந்து இறங்கக் காத்திருந்த அவள் சித்தப்பா பஞ்சாட்சரம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கேட்டார்: “நல்லா கெடந்தத எவன்பா மடிச்சது?”

“ஒரு கமிட்டிங்க.”

“அதுக்கு வேற வேல இல்லியா?”

“இல்லீங்க.”

யாரும் படிப்பதில்லை என்று நான் நம்பியிருந்த பக்கம் வாரா வாரம் இந்தச் சரிவில் முழு நீளத்தோடு இறங்கிப் போயிருக்கிறது. அதன் அடிக்குறிப்பில் நான் தூக்கக் கலக்கத்தில் போட்ட அரைப்புள்ளிகூட ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறது. கேலி செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

மேடத்தை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு பக்கம் மட்டும் வேற மாதிரி இருந்தா மேல இருக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

“நீளமா கீதுன்னு சொல்லுவாங்க மேடம்.”

“சரி, நீளமாவே கெடக்கட்டும்” என்றார்.

பாறையில் உட்கார்ந்து, கைபேசியோடு இணைத்த மடிக்கணினியில் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சேமித்ததும் சசிகலா தன் கைபேசியில் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு வந்தது. நின்றது. பிறகு நூல்கள், ஒரு வரி, இன்னொரு வரி. தினமும் நான் பொழுதுபோகாமல் உருட்டித் தள்ளும் அதே பக்கம். அது வருவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பஞ்சாட்சரமும் புளியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கடைசிக் குறிப்பு வந்து அமர்ந்ததும் அவள் விரல் திரையில் படாதபடி ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒத்திக்கோங்கப்பா, பக்கம் போவுது” என்றார் பஞ்சாட்சரம். நின்றவர்கள் வழிவிட்டார்கள். கீழே கொல்லையின் முள்படலை முழங்கையால் தள்ளித் திறந்து, பக்கவாட்டில் நுழைந்தாள். மஞ்சு அவளை மூடியது. சாமைக்கு நடுவே ஒரு சின்ன வெளிச்சச் சதுரம் மட்டும், சாயாமல், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.