காலுக்குப் பிடித்த தரை

வேங்கிக்காலில் முருகையன் கட்டிய மாடிப் போர்ஷனுக்குத் தரை மட்டும்தான் பாக்கி. அதற்குள் மச்சான் ராமதாஸ் வந்து சுற்றிப் பார்த்துவிட்டார்.

"தரையெல்லாம் எதுக்கு மாமா? எனக்கு சிமெண்டே போதும்."

அவர் குடிவரவே முடிவு செய்துவிட்டது முருகையனுக்குப் புரிந்தது. ராமதாஸ் கெட்டவர் அல்ல. யோசனை சொல்வார், அவ்வளவுதான். பல் தேய்க்கும்போது தொடங்கினால் படுக்கும்வரை சொல்வார். முப்பது வருஷம் கண்டக்டராக நெரிசலில் நின்று பழகிய முருகையனே அவரை இரண்டு ஸ்டாப்பிங்குக்கு மேல் தாங்கியதில்லை.

"சித்திரைப் பௌர்ணமிக்குள்ள வாடகைக்கு ஆளப் புடிங்க. இல்லன்னா என் தம்பி வந்துடட்டும். பூட்டி வெச்சா எலிதான் குடியிருக்கும்" என்று மனைவி ஆதிலட்சுமி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

எலிகளோடு முருகையனுக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். வந்தவர்கள் திரும்பிப் போக மனம் வராத அளவுக்கு ஒரு தரை போடுவது என்று முடிவு செய்தார்.

பங்குனிப் பௌர்ணமி அன்று விடியற்காலையிலேயே கிரிவலம் கிளம்பி, பத்து மணி வெயிலில் சுற்றி முடித்தார். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால். உள்ளங்கால் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. ஆதிலட்சுமி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். முருகையன் நேராக டைல்ஸ் கடைக்குப் போனார். நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்ய வேண்டும் அல்லவா!

"எத்த பாக்குறீங்க ஐயா?" என்றான் கடைக்காரன் மாறன்.

"பாக்குறதுக்கு என்னப்பா இருக்கு? தரை கண்ணுக்கா, காலுக்கா? எடுத்துப் போடு. நின்னு பாக்குறேன்."

மாறன் வரிசையாகப் போட்டான். முதல் டைல்ஸில் ஏறி நின்றதும் முருகையன் கண்ணை மூடி, "அரோகரா" என்றார். இரண்டாவதிலும் அரோகரா. பதினோராவது வரைக்கும் அரோகராதான். கடைக்கு வந்த இரண்டு பேர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

பன்னிரண்டாவது மூலையில் கிடந்தது. அதில் கால் வைத்ததும் முருகையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சி உச்சந்தலைக்குப் போனது.

"இதான்."

"ஐயா, அது வந்து..."

"இதான்னு சொல்றேன்ல!"

மாறன் யோக்கியன். "ஐயா, அது ஏசிக்கு நேர் கீழ கெடக்குது" என்று ஒருமுறையும், "அது ஹாலுக்குப் போடுறது இல்ல" என்று ஒருமுறையும் சொன்னான். மூன்றாம் முறை சொல்வது வியாபாரத்துக்கு அழகில்லை. பில் போட்டான்.

வேலை முடியும்வரை யாரும் மாடி ஏறக் கூடாது என்று முருகையன் கட்டளை போட்டார். கண் பட்டுவிடுமாம். மேஸ்திரி வேலையை முடித்துவிட்டு, எதையோ கேட்க வந்து, கேட்காமல் போனார். பிறகு ஆதிலட்சுமி ஏறினாள். நான்கடி நடந்தாள்.

"ஏங்க, ஹால்ல கார் நிறுத்தப் போறீங்களா?"

முருகையனும் நடந்து பார்த்தார். கிரிவலக் களைப்பெல்லாம் ஆறிப்போன கால் அது. அம்மிக்கல்லைப் புதிதாகக் கொத்தி வைத்தது போல இருந்தது. சொரசொரவென்று, கட்டம் கட்டமாக, மண் நிறத்தில், சாட்சாத் பார்க்கிங் டைல்ஸ்.

வீடு பார்க்க வந்த முதல் ஆள், "பார்க்கிங் நல்லா இருக்குங்க, வீடு எங்க?" என்றார். இரண்டாவது ஆள், கார் எப்படி மாடி ஏறும் என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். ராமதாஸ் மட்டும், "எனக்குப் புடிச்சிருக்கு மாமா" என்று சொல்லி, தலையணையை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தார்.

முருகையனுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பதினாலு கிலோமீட்டர் நடந்த காலுக்கு எந்தத் தரையும் சொர்க்கம். போனில் கேட்டவர்களிடம் எல்லாம், "சித்திரைப் பௌர்ணமி அன்னிக்கு கிரிவலம் முடிச்சுட்டு நேரா வாங்க. ரொம்ப விசேஷம்" என்றார்.

அன்று சாயங்காலம்வரை ஒருவரும் வரவில்லை. ராமதாஸ் பாயோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் கீர்த்தனாவும் அவள் அம்மா சரோஜாவும்.

"கிரிவலம் முடிச்சாச்சுங்களா?" என்றார் முருகையன் ஆவலாக.

"எங்கங்க! கூட்டம் ஜாஸ்தி. நாளைக்கு கம்மியானதும் போய்க்கலாம்னு விட்டுட்டோம்" என்றாள் சரோஜா.

முருகையன் முகம் செத்துவிட்டது. சரோஜா ஹாலில் கால் வைத்தாள். நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"இது பார்க்கிங் டைல்ஸ் ஆச்சே?"

முருகையன் மின்விசிறியைப் பார்த்தார். படிக்கட்டில் பாய் விரியும் சத்தம் கேட்டது.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாள் சரோஜா.

ஆதிலட்சுமி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். சரோஜா அதைத் தரையில் ஊற்றினாள். ஊற்றிய இடத்திலேயே போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று சுற்றினாள்.

"கீர்த்தி, வழுக்கவே இல்லடி!"

"இப்ப இருக்கற வீட்ல கண்ணாடி மாதிரி தரைங்க" என்றாள் கீர்த்தனா. "அம்மா மூணு தடவை விழுந்துட்டாங்க. ஆறு மாசமா செவுத்தப் புடிச்சுக்கிட்டே நடக்கறாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பளபளா."

சரோஜா சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போய், அங்கிருந்து சிரித்தாள். "யாருங்க இந்த டைல்ஸப் பாத்து எடுத்தது?"

"நான்தாங்க. கண்ணால பாக்கலீங்க, நின்னு பாத்து எடுத்தேன்" என்றார் முருகையன். ஏசி பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. வரும் வியாழக்கிழமை பால் காய்ச்சுவதாகப் பேச்சு. அவர்கள் போனதும் ஆதிலட்சுமி நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா! எங்க என் தம்பி நெசமாவே வந்துடுவானோன்னு பயந்தே பூட்டேன்" என்று கிசுகிசுத்தாள்.

ராமதாஸ் கொஞ்சமும் வாடவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கியவர், கீழே காலியாகக் கிடந்த பார்க்கிங்கில் நின்றார். அளந்து பார்ப்பது போல நடந்தார்.

"மாமா, ஒரு யோசனை. இங்க ஒரு நல்ல ஹால் டைல்ஸா போட்டா..."

முருகையன் சட்டையை மாட்டிக்கொண்டு, அப்போதே கார் விலை விசாரிக்கக் கிளம்பினார்.