பெட்டியின் மணி

பெட்டி குளிர்ந்துபோனது என்று தாதி இராசேஸ்வரி மிஸ் ஓடிவந்து சொன்னபோது தயாபரன் பாய்ந்து எழுந்தான். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அவனுடைய பிள்ளை. ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்து பிறந்தது, பெயர்கூட வைக்கவில்லை. பெட்டியின் சூட்டில்தான் அதன் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் ஜெயரூபி அடுத்த அறையில் காய்ச்சலில் கொதித்தபடி கிடந்தாள். பிள்ளைக்குத் தொற்றிவிடும், கிட்டப் போகவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வவுனியாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால் சண்டையில் பாதை பூட்டு. மாரிமழை வேறு பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் அடித்து ஊற்றியது. அந்தப் பள்ளிக்கூடம்தான் அப்போது ஆஸ்பத்திரி.

“பிள்ளையைச் சுடுதண்ணிப் போத்தல் வைச்சுச் சுத்தியிருக்கிறன். கனநேரம் தாங்காது. நீங்கள் றேடியோ திருத்திறனீங்கள்தானே, இதைத் திறந்து பாருங்கோ,” என்றார் மிஸ்.

திறந்தான். பார்த்ததும் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஈரம் அண்டாதபடி தகடு முழுக்க மெழுகுபோலப் பூச்சு. தேவைக்கு நாலு மடங்கு தாங்கக்கூடிய சாமான்கள். விசுவமடுவில் அவன் கடைக்கு வருகிற றேடியோக்களின் வயிற்றைத் திறந்தால் கஞ்சத்தனம்தான் தெரியும். செய்தவனைக் குறை சொல்லி என்ன? றேடியோ நின்றால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். மூலையில் எறிந்துவிட்டு வேறொன்று வாங்கட்டும் என்று மலிவாகச் செய்கிறான். இந்தப் பெட்டியைச் செய்தவனோ, இது நின்றால் ஒரு பிள்ளை போய்விடுமே என்று பயந்து பயந்து செய்திருக்கிறான். அப்பேர்ப்பட்ட பெட்டியும் உழவு இயந்திரத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, துள்ளித் துள்ளி ஓடும் ஜெனரேற்றரில் மாட்டுப்பட்டு, கடைசியில் சோர்ந்துவிட்டது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற றான்சிஸ்ரர் கருகிக் கிடந்தது.

அதே எண் போட்ட றான்சிஸ்ரர் பெரிய கசற் றேடியோக்களில் இருக்கும். அவன் கடையில் ஒன்றுமில்லை. சாமான் வர அரசாங்கம் தடை போட்ட இடத்தில் எங்கே போய் வாங்குவது? கதை பரவியதுதான் தாமதம், சனம் றேடியோவைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு மழைக்குள் வந்துவிட்டது. முதலில் வந்தவர் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்திருந்த பொன்னையா.

“இந்தா தம்பி, உடை. செய்தி கேளாட்டி ஒருத்தரும் சாகமாட்டினம்.”

தயாபரன் ஆஸ்பத்திரிக் குசினி அடுப்பில் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஈயம் வைத்து ஒட்டினான். பெட்டி சூடேறியது. மிஸ் பிள்ளையை உள்ளே கிடத்தினார். அடுப்பில் உலை கொதிக்கும் முன்னரே ஒட்டிய றான்சிஸ்ரர் செத்துவிட்டது. இன்னொரு றேடியோவை உடைத்துப் போட்டான். அதுவும் போனது. ஐயோ கடவுளே, எண் ஒன்றுதானே, பிறகேன் இந்த அநியாயம் என்று தலையில் கைவைத்தான்.

“அருமையான றேடியோ தம்பி,” என்று பொன்னையா பக்கத்தில் நின்று புலம்பினார். “செய்தி துடங்கினா நான் பெடலை விடமாட்டன். உழக்கெண்டு உழக்குவன். சத்தம் அப்பிடிக் கேக்கும்!”

தயாபரனுக்கு அப்போதுதான் உறைத்தது. பற்றறிக்குத் தடை. வன்னி முழுக்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில்தான் றேடியோ கேட்டது. குண்டு விழுந்த செய்தி வரும்போது மெதுவாக உழக்குகிற மனுசர் உண்டா? உழக்க உழக்கக் கறன்ற் ஏறும். வீட்டுக் கறன்றுக்கும் பற்றறிக்கும் அளந்து செய்த சாமான் எத்தனை வருசம் அந்த உதையை வாங்கும்? கொண்டுவந்த றேடியோ எல்லாம் ஏற்கெனவே அரை உயிர்.

தெரிந்தும் மூன்றாவதைப் போட்டான். வேறு வழி? இந்தத் தடவை அது வேறு மாதிரிப் பழுதானது. சூடு அடங்காமல் ஏறியது. பெட்டியின் எச்சரிக்கை மணி வீரிட்டு அலறியது. மிஸ் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பிள்ளை சிவந்துபோய்க் கிடந்தது, ஆனால் மூச்சு இருந்தது. அந்த மணி மட்டும் அடித்திராவிட்டால்!

அந்த நினைப்போடுதான் அவன் கண் மணிக்குப் போனது. மணியை அடிக்க வைக்கிற சாமானும் அதே றான்சிஸ்ரர்தான். பெட்டியோடு வந்தது, பூச்சுக் கலையாதது.

“மிஸ், இதைக் கழட்டி அங்கை போட்டா நிண்டு பிடிக்கும். ஆனா இனி மணி அடியாது.”

“உங்களுக்கென்ன விசரா? பெட்டி பழுதாப்போனா ஆர் எங்களுக்குச் சொல்லுறது?”

“நான் சொல்லுவன். இந்த இடத்தாலை அசையமாட்டன்.”

மிஸ் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். சுடுதண்ணிப் போத்தல்கள் ஆறிக்கொண்டிருந்தன. கழற்றினான், ஒட்டினான். சூடு ஏறியது, ஏறவேண்டிய இடத்தில் நின்றது. பிள்ளையை உள்ளே வைத்தார்கள். தயாபரன் கதிரையைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டு, வெப்பமானியின் வெள்ளிக்கோட்டைப் பார்த்தபடி இருந்தான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் கண் மூடவில்லை. இமை கல்லாய்க் கனத்தது. ஒரு தடவை தலை சரிந்து கண்ணாடியில் இடிபட்டபோதுதான் விழித்தான். பதறிப்போய்க் கோட்டைப் பார்த்தான். இறங்கவில்லை.

வாசலில் ஜெயரூபி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இனி இது நிக்காதுதானே?”

கடைக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். “கடவுள் விட்ட வழி” என்று சிரித்துக்கொண்டு கொடுத்தனுப்புவான். இப்போது சிரிப்பு வரவில்லை.

“தெரியாதப்பா. நிண்டாலும் மணி அடியாது. மணியைக் கழட்டித்தான் சூட்டுக்குப் போட்டிருக்கிறன்.”

அவள் அழவில்லை. உள்ளே வரவும் இல்லை. கதவு நிலையோடு சாய்ந்து, அவன் முகம் தெரிகிற பக்கமாக நிலத்தில் இருந்தாள்.

“நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ. நான் உங்களைப் பாக்கிறன். கண் மூடினா கத்துவன்.”

தயாபரன் தலையை மட்டும் ஆட்டினான். அவளைத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவேண்டும்.