இருபது நிமிட அனுமதி

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டதும் நான்கு வரிகள் கீழே விரிந்தன. அவசர சிகிச்சை. பிரசவம். நெருங்கிய உறவினர் மரணம். அரசுப் பணி. ஒரு கையில் கைப்பேசியும் இன்னொரு கையில் தண்ணீரில் நனைத்த பஞ்சுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவள், அவற்றை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். சாகக் கிடப்பவர்களுக்கென்று ஒரு வரி இல்லை.

"என்னம்மா நோண்டிக்கிட்டே இருக்கே?" என்றாள் மாமியார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"உங்க பிள்ளைய வெளிய விடச் சொல்லி எழுதறேன், அத்தை."

"இன்னுமா விடல?"

"இன்னும் எட்டு நாள் இருக்காம்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு நாள் தனக்குக் கட்டுப்படியாகாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பி மூன்று வாரமாகிறது.

பிள்ளை இப்போது இருந்தது கடல் தாண்டி எங்கோ அல்ல. அதே ஊரில், பஸ்ஸில் போனால் கால் மணி நேரத்தில், ஓர் ஓட்டலின் ஏழாவது மாடியில்.

அவன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். போய் மூன்று வருடம். தொற்று வந்த பிறகு அவனை ஊருக்கு வரவழைக்கும் வேலையை அவள்தான் தலையில் போட்டுக்கொண்டாள். பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள். நேரத்தை வெட்டி ஒட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் இந்த ஒரு பயணம் அவளுக்கே தண்ணி காட்டியது. முதல் டிக்கெட் போட்ட வாரமே விமானங்கள் நின்றன. அப்புறம் திரும்பி வருகிறவர்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரு மாதம் அலைந்து மனு மேல் மனுவாக எழுதினாள், பெயர் வரவில்லை என்று அவன் சொன்னான். அடுத்த முறை பரிசோதனை முடிவு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். விமானம் தாமதமாகி அது எழுபத்து நான்காகிவிட, கவுன்ட்டரிலிருந்தே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த முறை அவன் போட்டுக்கொண்ட தடுப்பூசி இங்கே செல்லாது. ஒருவழியாக எல்லாம் கூடிவந்து அவன் விமானம் ஏறியபோது, இறங்கினால் ஏழு நாள் வீட்டுத் தனிமை என்றிருந்தது. இறங்கியபோது பதினான்கு நாள் ஓட்டல் தனிமை. அவன் வானத்தில் இருந்த ஒன்பது மணி நேரத்தில் விதி மாறிவிட்டது. அவனுக்காக அவள் ஒழித்துவைத்த மாடி அறையில் புது விரிப்பு கசங்காமல் கிடந்தது.

அவள் தனிமைப் பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஆறு நாளில் அந்த அதிகாரிக்கு அவள் குரல் பழகியிருந்தது.

"அம்மா, இறப்புச் சான்றிதழ் இருந்தா ரெண்டு மணி நேரத்துல பாஸ் போட்டுடுவேன். உயிரோட இருக்காங்கன்னா எனக்கு அதுல இடமே இல்ல. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க." குரலில் அதிகாரம் இல்லை. தூங்காதவரின் களைப்புதான் இருந்தது.

ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோயிருந்தாள்.

"செத்துட்டேன்னே எழுதிக் குடு" என்றாள் அத்தை. "அவன் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் அசையாம படுத்துக்கறேன்."

"சும்மா இருங்க அத்தை."

"நெஜமாத்தான். மூச்ச அடக்கறதெல்லாம் எனக்குப் பழக்கம்டி. எக்ஸ்சேஞ்ச்ல அடுத்தவங்க பேச்சக் கேக்கறப்ப மூச்சு விட்டா மாட்டிக்குவோம்ல."

முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள் அத்தை. யார் யாரோடு சண்டை, எந்த வீட்டில் கல்யாணம் நின்றது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

பகல் பன்னிரண்டுக்கு வழக்கமாக வரும் நர்ஸ் வந்தாள். நாடி பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை இழுத்து மூடினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கால் சில்லுனு ஆயிடுச்சு. பேச வேண்டியவங்கள இன்னிக்கே பேசச் சொல்லிடுங்க. பதில் வராது. ஆனா கடைசி வரைக்கும் காது கேக்கும்."

அவள் அவனை அழைத்தாள். முதல் மணி முழுதாக அடிக்கும் முன் எடுத்தான்.

"அத்தை காதுல போனை வைக்கறேன். பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்க. குரல் கேக்கட்டும்."

கைப்பேசியை அத்தையின் காதோரம் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். அவ்வளவு நெருக்கத்தில் அவன் பேசுவது அவளுக்கும் கேட்டது. முதலில் தடுமாறினான். பிறகு அறையைப் பற்றிச் சொன்னான். ஜன்னல் திறக்காதாம். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு அதில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார்களாம். "எனக்கு என்னமோ பேய் புடிச்ச மாதிரி ஓடறாங்கம்மா." அத்தையின் புருவம் லேசாக அசைந்தது போலிருந்தது. நீண்ட ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அடுத்ததற்கு இடைவெளி விழுந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும் அதிகமாக.

அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபது வரை எண்ணினாள். நாற்பது. போர்வை எழவில்லை. இன்னொரு கையை மூக்கின் கீழே வைத்துப் பார்த்தாள். அத்தையின் முகம், யாரோ ஏதோ சொல்ல வருவதைக் கேட்கத் தயாரானது போலவே இருந்தது.

சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் அவன் குரல் மாறியது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷம் லிஸ்ட்ல பேர் வரலன்னு சொன்னேன் இல்ல? வந்துச்சும்மா. மொத லிஸ்ட்லயே வந்துச்சு. ஊருக்குப் போனா திரும்ப வேலைல சேத்துக்க மாட்டோம்னு கம்பெனில சொன்னாங்க. பயந்துட்டேன். நாந்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன், அவகிட்டயும் பொய் சொன்னேன். அப்ப நீ நல்லாத்தானே இருந்தே? அடுத்த தடவ பாத்துக்கலாம்னு நெனச்சேம்மா."

அதன் பிறகு வார்த்தை இல்லை. அழுகைதான். அவள் கைப்பேசியை எடுக்கவில்லை. பட்டியல் போட்ட அந்த மாதத்தில் அத்தை தானே நடந்துபோய்க் காய்கறி வாங்கி வந்துகொண்டிருந்தாள். மனு கொடுக்கும் ஜன்னலில் மழையில் நின்றுவிட்டு வந்தவளுக்குத் தலை துவட்டத் துண்டை நீட்டி, "வரலன்னா போகட்டும், நீ காய்ச்சல் இழுத்துக்காதே" என்றவள். கைப்பேசியைப் பிடித்திருந்த கை வலித்தது. கையை மாற்றாமல், மூச்சுச் சத்தம் போனில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா? கேக்குதா?"

அவள் கைப்பேசியைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"ஏங்க."

அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுமுனையில் ஏதோ தட்டிக் கீழே விழும் ஓசை கேட்டது.

"எப்போ?"

"இப்பதான்" என்றாள்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து, படிவத்தைத் திறந்து, மூன்றாவது வரியைத் தொட்டாள். அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆறு மணிக்குள் அனுமதி வந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணி. இருபது நிமிடம். பத்தடி தூரம். தொடக் கூடாது. மயானத்துக்குப் போகக் கூடாது.

காலையில் வாசலுக்கு நேராக இருக்கும்படி கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அக்கம்பக்கத்தார் அவரவர் ஜன்னலில் நின்றார்கள். கட்டிலிலிருந்து டேப் வைத்து அளந்து, வெளியே சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். எட்டே முக்காலுக்கே வேன் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய மூன்று பேர் இறங்கினார்கள். டிரைவர் வண்டியருகே நின்றுகொண்டார். சுகாதாரப் பணியாளர் கேட் அருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது ஆள் கோடு வரைக்கும் வந்தார். மூன்று வருடமாகத் திரையில் முகத்தை மட்டுமே பார்த்திருந்தவள், வலது தோளைச் சாய்த்து வரும் அந்த நடையைக் கண்டதும்தான் அவன் என்று நம்பினாள்.

அவன் அம்மாவைப் பார்த்தபடி நின்றான். முகத்தை மூடியிருந்த கண்ணாடித் தகடு உள்ளே ஆவி படிந்து வெளுத்தது. துடைக்கக் கையைத் தூக்கினான். உறை போட்ட விரல்கள் தகட்டில் மோதித் திரும்பின.

ஏதோ சொன்னான். முகக்கவசத்துக்கும் தகட்டுக்கும் அப்பால் அது வெறும் முனகலாகத்தான் கேட்டது.

"என்னங்க?"

"நேத்து நான் பேசினது" என்று கத்தினான். "அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை அசைந்தது. சுகாதாரப் பணியாளர் கேட்டைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குத் தொண்டை வரைக்கும் ஏதேதோ வந்தது. ஒரு மாதத்து மனுக்கள் வந்தன. ஓய்வுக்கு முன்பு எத்தனையோ பேரை எத்தனையோ ஊரோடு இணைத்தவளின், கூடத்துக் கட்டிலில் கிடந்த சின்ன முகம் வந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியதை எல்லாம் ஏழு நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசலாம். இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"கேட்டுச்சு!"

"ஏதாவது சொன்னாங்களா?"

"சரிடான்னு சொன்னாங்க!"

அவன் தலை மெல்ல ஆடியது. அப்படியே கோட்டின் மேல் குந்தி உட்கார்ந்துவிட்டான். உடுப்பு முதுகில் காற்று நிறைந்து புடைத்தது. அது குலுங்குவதிலிருந்துதான் அழுகிறான் என்று தெரிந்தது. அவள் கட்டிலின் இந்தப் பக்கம், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. இருபது நிமிடம் முடிந்து மேலும் ஆறு ஏழு நிமிடம் ஆன பிறகு, பணியாளர் கேட்டின் கம்பியை நகத்தால் இரண்டு முறை தட்டினார்.

அவன் எழுந்தான். அவளை ஒருமுறை பார்த்தான், அல்லது பார்த்ததாக அவள் நினைத்தாள். பின்பு வேனை நோக்கி நடந்தான்.

அவள் கேட் வரைக்கும் வந்தாள். வேன் கிளம்பித் திரும்புவதற்காகப் பின்னால் வந்தது. கண்ணாடிக்குள் மூன்று வெள்ளை உருவங்கள் தெரிந்தன. உட்கார்ந்துவிட்ட பிறகு எது அவன் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுவாகக் கையை உயர்த்தினாள்.

மூன்று பேருமே கையசைத்தார்கள்.