ஷாலினிக்கு ஒரு சீட்

கல்யாணமாகி நான்கு மாதத்தில் என் மனைவி ஷாலினி என் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். கூனிமேட்டில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் பஸ்ஸில் போனாள். எனக்கும் அதே வழியில்தான் வேலை. கேட்டால், "பின்னாடி வழுக்குதுங்க" என்பாள்.

என்மேல் ஏதாவது மனத்தாங்கலோ என்று குழம்பினேன். வழுக்குகிறது என்றுதானே சொல்கிறாள், சீட்டைச் சரிசெய்வோம் என்று பிறகு தீர்மானித்தேன். சாயங்கால வகுப்பில் மெஷின் டிராயிங் படிக்கிறேன். எதையும் வரைந்து பார்க்காமல் தொட எனக்குப் பயம். வரைந்தபோது சீட்டின் பின்பாதி முன்னோக்கிச் சரிந்திருப்பது தெரிந்தது. நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றி, அடியில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை நெம்பி எடுத்து, உறையை உரித்தேன். சரிந்த ஸ்பாஞ்சை ஆக்சா பிளேடால் அறுத்து மட்டமாக்கினேன். மெத்தைக் கடையில் வாங்கிய கெட்டி ஸ்பாஞ்சை ஒட்டி, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேடு வைத்தேன். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பின்னாகத் தேடி வாங்கியிருந்தேன். ரெக்சினை வெயிலில் போட்டு இளக்கி இழுத்து அடித்தேன். மூலையில் சுருக்கம் விழுந்தது. பிரித்து மறுபடியும் இழுத்தேன்.

பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஏம்பா, வண்டி செய்றியா, கட்டில் செய்றியா?"

ஸ்டாண்டு போட்டு நிறுத்தி ஷாலினியை உட்காரச் சொன்னேன். "சூப்பரா இருக்குதுங்க" என்றாள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"மேடு பத்தலையா? இன்னும் ஒரு இஞ்ச் ஏத்தட்டுமா?"

"நீங்க ஒருநாளாவது பின்னாடி உக்காந்திருக்கீங்களா?"

இல்லை. அத்தனை அளவு எடுத்தவனுக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் சாவியை அவளே வாங்கிக்கொண்டாள். அண்ணன் வண்டியில் ஓட்டிப் பழகியவள். உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் போனோம். எதிரே ஆடுகள். கிட்டே நெருங்கும்வரை வேகம் குறைக்காமல் போய், சடாரென்று பிரேக் அடித்தாள். என் மேட்டைத் தாண்டி அவள் முதுகில் போய் மோதினேன்.

"ஏய், என்ன இப்படி ஓட்டுற?"

"உங்கள மாதிரிதான் ஓட்டுறேன்."

மூக்கு வலித்தது. ஓட்டுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. எப்போது பிரேக் பிடிக்கப்போகிறான் என்பதும் அவனுக்கு முன்பே தெரியும். பின்னால் இருப்பவளுக்கு இரண்டும் இல்லை.

"பயமா இருக்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மெதுவாங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? 'எனக்குத் தெரியும்'னீங்க. வழுக்குதுன்னு சொன்னேன், ஸ்பாஞ்ச அறுக்கப் போயிட்டீங்க."

திரும்பும்போது நான் ஓட்டினேன். தூரத்தில் லாரி தெரிந்ததுமே ஆக்சிலேட்டரை விட்டேன். வளைவில் விட்டேன். ஒன்றும் இல்லாத இடத்திலும் விட்டேன். அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்ணாடியில் பார்க்கத் துணிவு வரவில்லை.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் கெளம்பிடணும்ங்க" என்றாள் என் காதருகே. "இந்த வேகத்துல போனா, நாம போறதுக்குள்ள கடைய மூடிடுவாங்க."