சகலையின் மெயில்

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து மந்தாரக்குப்பத்தில் சகலை ஜெரால்டு வீட்டுக்குள் செல்வநாதன் நுழைந்தபோது, அவர் மகள் நித்யா அவன் உள்ளங்கையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோ கால். புதுக் கம்மலை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் காட்டி, "நல்லாருக்கா சித்தப்பா?" என்றாள். பின்னால் அப்பா நிற்பதைக் கவனிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது.

"உங்க போன்ல இந்த ஆப் வராதுப்பா. நான் என்ன பண்றது?"

செல்வநாதனுக்கு வயிறு எரிந்தது. மனைவி இறந்த பிறகு, அவர் நைட் ஷிப்ட் போன நாளெல்லாம் நித்யா இந்தச் சித்தி வீட்டில்தான் வளர்ந்தாள். பிள்ளையில்லாத வீடு, தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் பெற்ற அப்பனிடம் "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று இரண்டே வார்த்தை, சித்தப்பனிடம் மட்டும் மணிக்கணக்கில் முகம் பார்த்துப் பேச்சு என்றால் எந்த அப்பனுக்குத்தான் பொறுக்கும்? எல்லாம் தன் கையிலிருக்கும் இந்தப் பாழாய்ப்போன போனால் வந்த வினை என்று முடிவுகட்டினார். திரையெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எதைக் கேட்டாலும் இங்கே கிடையாது என்று கைவிரிக்கும்.

"ஆண்ட்ராய்டுக்கு மாறிடுங்கண்ணே. எத்தினி நாளு இத்தோட மல்லு கட்டிக்கினு இருப்பீங்க?" என்று ஜெரால்டே மறுநாள் கடைக்குக் கூட்டிப்போனான். பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போனது. அதிலிருந்த நம்பர்கள் புதியதில் ஏறவில்லை. புதியதோ மெயில் ஐடி கேட்டது. அவருக்கு அப்படி ஒன்று இல்லை.

"என் மெயிலையே போட்டுடறேன். நமக்கு ஒரே சொந்தக்காரங்கதானே? எல்லா நம்பரும் வந்துடும்" என்றான் ஜெரால்டு.

வந்தது. குவார்ட்டர்சுக்குத் திரும்பி, மகளிடம்தான் முதலில் பேசுவது என்று நித்யாவைத் தேடினார். நித்யா இல்லை. மேலும் கீழும் தள்ளியபோது அவள் முகம் தெரிந்தது. பக்கத்தில், 'என் பொண்ணு' என்று இருந்தது.

எவன் பொண்ணு? பெயரை மாற்றலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த வரியை அழித்த பிறகுதான் மூச்சு வந்தது. டீ போட்டுக் குடித்து, கோபம் தணிந்து, சரி கூப்பிடுவோம் என்று போனை எடுத்தபோதுதான் உறைத்தது. அவள் கோயம்புத்தூரில் வாங்கிய புது நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை. எங்கும் எழுதியும் வைக்கவில்லை.

வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? வண்டியை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போனார். ஜெரால்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"நித்யா நம்பரு தெரியாம அழிஞ்சுபோச்சு ஜெரால்டு."

ஜெரால்டு தன் போனை எடுத்துத் தேடினான். "என்னுதுலயும் காணோமே! ஒரே மெயிலுதானே, அங்க அழிச்சா இங்கயும் போயிடும் போலருக்கு" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். எந்தப் பெயரில் போட்டுவைத்திருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது சிவந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் லேசுக்குக் குனிந்தான்.

"பரவால்லண்ணே. சொல்றேன், போட்டுக்குங்க."

குனிந்தபடியே பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னான். செல்வநாதனுக்கு நான்குதான் பிடிபட்டது. "திரும்பச் சொல்லுப்பா" என்றார்.

ஷிப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஜெரால்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றான். ஒவ்வொரு எண்ணாக, அவர் விரல் அதைத் தேடி அழுத்தும்வரை காத்திருந்து காத்திருந்து, சொல்ல ஆரம்பித்தான்.