பாதி நீட்டிய தீக்குச்சி

பீத்தி சுடவில்லை. அதுதான் ரெய்யோவை அதிகம் பயமுறுத்தியது.

ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்று தெரிந்தே பீத்தி அவனை அந்த வழியாக இழுத்திருந்தான். பனிமான் திருட்டைப் பார்த்துவிட்ட மேய்ப்பர் யோவ்னாவைக் கொன்ற பீத்தி கண்ணெதிரே தப்புகிறான் என்ற ஆத்திரத்தில், போலீஸ்காரன் ரெய்யோ பனிவண்டியை அப்படியே விரட்டினான். வண்டி மூழ்கியது. இடுப்புவரை நனைந்து கரைக்கு ஊர்ந்து வந்தபோது பீத்தி துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான்.

“போன், துப்பாக்கி, கையுறை. எல்லாத்தையும் கழட்டு.”

“சுட்டுத் தொலையேன்டா.”

“எதுக்கு? குண்டு உடம்புல இருந்தா நாளைக்குக் கோர்ட்ல சாட்சி சொல்லும். குளிர் வாயே திறக்காது. அதுவுமில்லாம, ஒரே பெஞ்சுல உட்காந்து படிச்சவனை நானே சுட்டா நல்லாவா இருக்கும்?”

பீத்தி தன் தடித்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். பள்ளியில் அவனுக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர். இறைச்சி ஏற்றிய சறுக்குவண்டியைத் தன் பனிவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு, குன்றின்மேல் ஆமை வேகத்தில் ஏறிப் போனான்.

ரெய்யோவின் கால்சட்டை தகரமாக விறைத்துவிட்டது. ஏரிக்கு அக்கரையில் ஒரு குடில் உண்டு. நடந்தான், விழுந்தான், எழுந்து மறுபடி நடந்தான். விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலியும் போனது. அதுதான் கெட்ட அறிகுறி. அழுகை முட்டியது. அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கும் வழியில்லை.

காட்டுக் குடில்களுக்குப் பூட்டுக் கிடையாது. தோளால் தள்ளி உள்ளே விழுந்தவன், அடுப்பைப் பார்த்து அப்படியே நின்றான்.

விறகு அடுக்கியிருந்தது. அடியில் பொடிச் சிராய்கள். மேலே தீப்பெட்டி, அதிலிருந்து இரண்டு குச்சிகள் பாதி வெளியே நீட்டியிருந்தன. விரல் மரத்து வருகிறவன் பல்லால் உருவிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, குடிலை விட்டுக் கிளம்புகிற எவனும் இங்கே செய்துவைக்கிற வேலை. சிராய்களில் இன்னும் பிசின் வாசம். வாசலில் புதுத் தடம் ஒன்றே ஒன்று; இன்று காலையில் இங்கிருந்து கிளம்பியவன் பீத்தி ஒருவன்தான்.

கொலைகாரப் பாவி, கைப்பழக்கத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆனால் பற்றவைத்தால் புகை எழும். காற்றில்லாத குளிரில் அது கம்பம் நட்டதுபோல் நிற்கும். குன்றின் உச்சியிலிருந்து பீத்தி பார்க்காமல் இருக்கமாட்டான். பற்றவைக்காவிட்டால் பீத்தி வரவே தேவையில்லை.

ரெய்யோ குச்சியைப் பல்லால் உருவினான். பெட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, குனிந்து உரசினான். பற்றிக்கொண்டது. நெருப்பைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் விம்மினான்.

பிறகு யோசித்தான். பீத்தி, செத்துக்கொண்டிருப்பவனைத் தேடித்தான் வருவான். மணிக்கட்டுகளால் விறகை அள்ளி அடுப்பில் திணித்தான். கெட்டில் நிறையப் பனியைப் போட்டு மேலே ஏற்றினான். குடில் வெந்நீர் அறையாக மாறியபோது தொலைவில் என்ஜின் சத்தம் கேட்டது.

“ரெய்யோ, உள்ளே இருக்கியாடா? என் விறகுல குளிர் காயிறியா? வெக்கமா இல்ல உனக்கு?”

ரெய்யோ கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றான். கதவு திறந்தது. துப்பாக்கி உள்ளே வந்தது, பின்னால் பீத்தி வந்தான். நீராவி முகத்தில் அடித்த அந்தக் கணமே அவன் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போனது.

“அய்யய்ய...” என்று கண்ணாடிக்குக் கை போவதற்குள் ரெய்யோ முழு உடம்போடு அவன்மேல் பாய்ந்தான். குண்டு கூரையைத் துளைத்தது. பீத்தியின் தலை அடுப்பின் இரும்பு விளிம்பில் மோதியது. சுவரில் தொங்கிய, பனிமான் பிடிக்கிற சுருக்குக் கயிற்றால், பல்லும் மணிக்கட்டுமாக அவனைக் கட்டி முடிப்பதற்குள் ரெய்யோவுக்கு உயிர் போய் வந்தது. பீத்தியின் பையிலிருந்து தன் போனைக் கவ்வி எடுத்து, மூக்கு நுனியால் எண்ணை அழுத்தினான். ஹெலிகாப்டர் கிளம்புவதாகச் சொன்னார்கள்.

விரல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. சில போய்விடும் என்று அவனுக்கே தெரிந்தது.

பீத்தி கண் விழித்தான். கட்டுகளைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.

“எத்தனையாவது குச்சில பத்திச்சு?”

“முதல் குச்சிலயே.”

“பின்னே? அடுக்குனது யாரு?” என்றான் பீத்தி. சொன்ன பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.